குறைந்த விலை மகிழுந்து டயர்கள்

குறைந்த விலை மகிழுந்து டயர் என்பது, ஒரே அளவில் கிடைக்கும் மகிழுந்து டயர்களுள் விலைப்பட்டியலின் கடைசிப் படியில் உள்ளவற்றைக் குறிக்கும் வணிக வழக்கு ஆகும். இது தொழில்நுட்ப வகைப்பாடு அன்று. டயருக்குச் சக்கரப்பட்டை, உருளிப்பட்டை போன்ற தமிழ்ச் சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. எனினும் பணிமனை முதல் பஞ்சர் கடை வரை டயர் என்றே வழங்குவதால் இக்கட்டுரையிலும் அச்சொல்லே ஆளப்படுகிறது.

தமிழ்நாட்டில் இப்பெயரால் வெவ்வேறான பொருட்கள் விற்கப்படுகின்றன. அறியப்பட்ட இந்திய நிறுவனங்களின் அடிப்படை மாதிரிகள் ஒரு வகை. அதிகம் அறியப்படாத பெயர்களிலும் இறக்குமதியாகவும் வருபவை மற்றொரு வகை. புதிய வண்டி வாங்கியவுடன் அகலமான டயருக்கு மாறுவோர் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகும், ஏறத்தாழப் புதிய டயர்கள் மூன்றாவது வகை. இவை தவிர, பழைய டயர்களும் ரீட்ரெடிங் செய்த டயர்களும் உள்ளன. இவற்றின் தரம் ஒன்றல்ல. குறைந்த விலை டயரைப் பற்றி ஓட்டுநர்கள் முரணான கருத்துக்களைக் கூறுவதற்கு இதுவே முதற் காரணம்.

== உற்பத்திப் பின்னணி ==

காஞ்சிபுரம் வட்டாரம் இந்தியாவின் டயர் உற்பத்தி மையங்களுள் ஒன்றாகும். கூரத்தாழ்வார் பிறந்த கூரம் சிற்றூரின் சுற்றுப்புறத்தை எடுத்துக்கொண்டால், வடக்கே அரக்கோணத்தை அடுத்த இச்சிபுத்தூரில் எம்.ஆர்.எஃப். ஆலை உள்ளது. கிழக்கே ஒரகடத்தில் அப்பல்லோ டயர்ஸ் ஆலை 2010 ஆம் ஆண்டிலும், திருப்பெரும்புதூர்ப் பகுதியில் ஜே.கே. டயர் ஆலை 2012 ஆம் ஆண்டிலும், சியட் ஆலை 2020 ஆம் ஆண்டிலும் உற்பத்தியைத் தொடங்கின. ஆலை அருகில் இருப்பதால் கடையில் விலை குறைவதில்லை என்பது வேறு செய்தி.

இத்தொழிலின் தமிழ்நாட்டுத் தொடக்கமே சிக்கனத்தை ஒட்டியது. கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946 ஆம் ஆண்டில் சென்னை திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறு பட்டறையைத் தொடங்கினார். அது 1952 ஆம் ஆண்டில் தேய்ந்த டயர்களுக்கு மேற்பூச்சாக ஒட்டப்படும் ட்ரெட் ரப்பரைச் செய்யத் தொடங்கியது. முழு டயர் உற்பத்தியில் அந்நிறுவனம் இறங்கியது 1961 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மான்ஸ்பீல்டு நிறுவனத்தின் கூட்டுறவுடன்தான். அதாவது, மெட்ராஸ் ரப்பர் பேக்டரி புது டயர் விற்பதற்கு முன்னர் பழைய டயரை வாழவைக்கும் பொருளை விற்றது.

2020 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்திய அரசு புதிய டயர்களின் இறக்குமதியை உரிமம் தேவைப்படும் பட்டியலுக்கு மாற்றியது. அதன் பின்னர் கடைகளில் மலிவான அயல்நாட்டுப் பெயர்கள் குறைந்தன. புதிய டயர்களின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

== எதில் சிக்கனம் செய்யப்படுகிறது ==

வெளித்தோற்றத்தில் எல்லா டயர்களும் கறுப்பு வளையங்களே. விலை வேறுபாடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் உள்ளது.

முதலாவது தடப்பரப்பின் ரப்பர் கலவை. ரப்பரை வலுப்படுத்தக் கரிப்புகை சேர்ப்பது நெடுநாள் வழக்கம். 1990களில் இருந்து, மிசெலின் நிறுவனத்தின் வழியில், கரிப்புகையின் ஒரு பகுதிக்கு மாற்றாகச் சிலிக்கா சேர்க்கும் முறை பரவியது. சிலிக்காக் கலவையில் உருளல் தடை குறையும். அதே வேளையில் ஈரப்பிடிப்பும் கெடாது. ஆனால் சிலிக்காவை ரப்பருடன் பிணைக்கத் தனி வேதிப்பொருளும் கூடுதலான கலக்கும் நேரமும் தேவை. இரண்டும் பணம். கலவையைக் கெட்டியாக்கினால் டயர் நெடுநாள் உழைக்கும். ஆனால் ஈரச் சாலையில் பிடிப்பு குறையும். 'தேயவே தேயாது' என்று புகழ்ந்து விற்கப்படும் டயரைப் பற்றி வாங்குபவர் கேட்கவேண்டிய அடுத்த கேள்வி இதில் இருந்தே பிறக்கிறது.

மற்றவை டயரின் உட்புறக் கட்டமைப்பும் சீர்மையும் ஆகும். பக்கச்சுவர் மெல்லியதாக இருந்தால் பள்ளத்தில் இடித்தவுடன் உள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்து, அவ்விடம் முட்டை போலப் புடைக்கும். எடை எல்லாப் பக்கமும் சமமாக அமையாவிட்டால் பேலன்சிங் செய்யும்போது விளிம்பில் ஈயக்கட்டிகளை அடுக்கவேண்டி வரும்.

== ஓட்டுநர் அனுபவங்கள் ==

காஞ்சிபுரத்தில் வாடகை மகிழுந்து ஓட்டுவோரின் வேலை இவ்வகை டயர்களுக்குக் கடுமையான சோதனை. பட்டு வாங்க வருவோரையும் கோயில்களுக்கு வருவோரையும் ஏற்றிக்கொண்டு, சென்னை விமான நிலையத்திற்கும் நகரின் குறுகிய தெருக்களுக்கும் இடையே ஓடும் வண்டி அது. சென்னை - பெங்களூர் தேசிய நெடுஞ்சாலையில் நெடுநேரம் விரைவாகச் செல்லும். பின்னர் கிராமச் சாலையின் பள்ளங்களில் இறங்கும். மே மாத நண்பகலில் சாலைப் பரப்பு காற்றை விடவும் மிகுதியாகக் கொதிக்கும்.

இச்சூழலில் ஓட்டுநர்கள் பொதுவாகக் கூறுபவை ஒரே வரிசையில் அமைகின்றன. முதற் சில மாதங்களில் குறை எதுவும் தோன்றாது. உலர் சாலையில், நகர வேகத்தில், மலிவு டயருக்கும் விலையுயர்ந்த டயருக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரும்பாலோரால் உணர இயலாது. பின்னர் இரைச்சல் எழும். தடப்பரப்பின் கட்டிகள் (பணிமனை வழக்கில் 'பட்டன்') ஒரு முனையில் கூடுதலாகத் தேய்ந்து படிபடியாக ஆவதே இதன் காரணம். பலர் இதனைச் சக்கரத் தாங்கியின் ஓசை என்று எண்ணித் தாங்கியை மாற்றிவிட்டு, ஓசை போகாமல் திகைப்பதுண்டு. முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் இடம் மாற்றி ஓட்டிப்பார்த்தால், ஓசையும் இடம் மாறுகிறதா என்பதைக் கொண்டு எது காரணம் என அறியலாம். செலவில்லாத சோதனை இது.

அடுத்தது 80 கிமீ வேகத்திற்கு மேல் ஸ்டீயரிங் அதிர்வது. பேலன்சிங் செய்தும் அதிர்வு நிற்காவிடில் டயரே வட்டம் தப்பியிருக்கக்கூடும். வாங்கிய கடையில் உடனே காட்டினால் மாற்றித்தர வாய்ப்புண்டு. பத்தாயிரம் கிமீ ஓட்டிய பிறகு காட்டினால், அலைன்மெண்ட் கெட்டிருந்தது என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும்.

இவை எல்லாம் தொல்லைகள். ஆபத்து வேறிடத்தில் உள்ளது.

== முதல் மழை ==

கோடை முழுவதும் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் மழையில் குழைந்து வழுக்கும் படலமாகின்றன. டயரின் குறை அப்போதுதான் வெளிப்படுகிறது.

ஒரு கணக்கைக் காணலாம். மணிக்கு 80 கிமீ வேகத்தில் செல்லும் இரு வண்டிகளின் ஓட்டுநர்கள் ஒரே நொடியில் பிரேக்கை முழுதாக மிதிக்கின்றனர். ஈரச் சாலையில் ஒன்றின் டயருக்கு உராய்வுக் கெழு 0.7 எனவும் மற்றதற்கு 0.5 எனவும் கொள்க. இவை விளக்கத்திற்காக எடுத்துக்கொண்ட எண்கள். முதல் வண்டி ஏறத்தாழ 36 மீட்டரில் நிற்கும். இரண்டாவது 50 மீட்டர் எடுத்துக்கொள்ளும். முதல் வண்டி முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது வண்டி கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 43 கிமீ அளவில் இருக்கும். அவ்விடத்தில் சாலையைக் கடப்பவர் ஒருவர் இருந்தால், டயரின் விலையில் மிச்சப்பட்டது என்ன என்பதற்கு இந்த எண்ணே விடை. ஓட்டுநர் கண்டு மிதிப்பதற்கு ஆகும் நேரம் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. அந்த ஒரு நொடியில் இரு வண்டிகளும் மேலும் 22 மீட்டர் சென்றிருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 நவம்பர் முதல் டயர்களின் ஈரப்பிடிப்பு எழுத்துத் தரத்துடன் விளம்பப்படுகிறது. இந்தியாவில் உருளல் தடை, ஈரப்பிடிப்பு, ஓசை ஆகியவற்றிற்கான குறைந்த அளவு வரம்புகளைக் கட்டாயமாக்கும் விதித்திருத்தம் 2022 ஜூனில் வெளியாகி, புதிய வடிவமைப்புகளுக்கு அதே ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. வரம்பைத் தாண்டியது என்பது வேறு, எவ்வளவு தாண்டியது என்பது வேறு. இரண்டாவதை இந்தியக் கடையில் நிற்கும் வாங்குபவர் அறிய எளிய வழி இல்லை.

தடப்பரப்பின் ஆழமும் டயரின் பெயருக்கு நிகராக முக்கியமானது. புதிய மகிழுந்து டயரின் காடிகள் பொதுவாக 7 முதல் 8 மிமீ ஆழம் உடையவை. இந்திய மோட்டார் வாகன விதிகளின்படி 1.6 மிமீ வரை ஓட்டலாம். ஆனால் 3 மிமீக்குக் கீழே வந்தவுடனேயே நீரை வெளியேற்றும் திறன் விரைந்து குறைகிறது. மொட்டையாகிப் போன விலையுயர்ந்த டயரைக் காட்டிலும், காடி நிறைந்த மலிவு டயர் தேங்கிய நீரில் மேலானது.

== இரண்டு மட்டும் மாற்றும்போது ==

கைச்செலவு கருதி நான்கில் இரண்டை மட்டும் மாற்றுவது பரவலான வழக்கம். முன்சக்கர இயக்க வண்டிகளில் முன் டயர்கள் முதலில் தேய்வதால், புதிய இரண்டையும் முன்னால் பூட்டச் சொல்வோரே மிகுதி. தேய்ந்த இடத்தில் புதியதைப் போடுவதுதானே முறை என்று தோன்றும். ஆயினும் மிசெலின் உள்ளிட்ட உற்பத்தியாளர்கள் இதற்கு நேர்மாறாக, புதியவற்றைப் பின்னால் பூட்டுமாறு பரிந்துரைக்கின்றனர்.

காரணம் எளிது. முன் சக்கரங்கள் ஈரத்தில் வழுக்கினால் ஸ்டீயரிங் இலேசாகும், வண்டி வளையாமல் நேரே செல்லும். ஆக்சிலரேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடிப்பு மீளும். பின் சக்கரங்கள் வழுக்கினால் வண்டியின் பின்புறம் வெளியே வீசப்பட்டு வண்டியே சுழலும். அதனை மீட்கும் பயிற்சி பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு இல்லை, முன்னறிவிப்பும் கிடைப்பதில்லை. எனவே தேய்ந்த முன் டயர்களைக் கழித்துவிட்டு, பின்னால் இருந்த நடுத்தர நிலை டயர்களை முன்னுக்குக் கொண்டுவந்து, புதியவற்றைப் பின்னால் பூட்டுதல் வேண்டும். ஒரே அச்சில் இருவேறு தயாரிப்புகளைப் பூட்டுவதும் கூடாது.

== செலவுக் கணக்கு ==

விலையைக் கிமீக்கு இத்தனை பைசா என்று மாற்றிப் பார்ப்பது வாடகை வண்டிக்காரர்களின் பழைய வழக்கம். 3000 ரூபாய் டயர் 25,000 கிமீ ஓடினால் கிமீக்கு 12 பைசா. 4500 ரூபாய் டயர் 45,000 கிமீ ஓடினால் 10 பைசா. எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை, எனினும் மலிவு எந்தப் பக்கம் என்பது விலைச்சீட்டில் தெரிவதில்லை என்பதற்கு இவை போதும். மறுபுறம், மாதத்திற்கு 300 கிமீ மட்டும் ஓடும் சொந்த வண்டிக்கு இக்கணக்கு பொருந்தாது. அந்த டயர் தேய்வதற்கு முன்னரே முதுமை அடைந்துவிடும். வெயிலிலும் ஓசோனிலும் ரப்பர் கெட்டிப்பட்டுப் பக்கச்சுவரில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிப்பதும், பத்து ஆண்டுகளில் தேயாவிட்டாலும் கழிப்பதும் பல உற்பத்தியாளர்களின் அறிவுரை. குறைவாக ஓடும் வண்டிக்கு நீடித்த உழைப்பிற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை. ஈரப்பிடிப்பிற்காகக் கொடுப்பதில் உண்டு.

== பக்கச்சுவரில் பார்க்கவேண்டியவை ==

165/80 ஆர்14 85டி என்ற குறியில் 165 என்பது மிமீயில் அகலம். 80 என்பது அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் விழுக்காடு. ஆர் என்பது ரேடியல். 14 என்பது விளிம்பின் விட்டம் அங்குலத்தில். 85 என்ற சுமைக் குறியீடு ஒரு டயருக்கு 515 கிகி எனவும், டி என்ற எழுத்து மணிக்கு 190 கிமீ எனவும் பொருள்படும். மலிவு கருதி வண்டிக்குரிய சுமைக் குறியீட்டை விடக் குறைந்ததைப் பூட்டுவது வெயில் காலத்தில் டயர் வெடிக்க வழிவகுக்கும். ஏழு பேரை ஏற்றும் வண்டிகளில் இத்தவறு கவனிக்கத்தக்கது.

உற்பத்தி நாளை நான்கு இலக்க எண் காட்டும். 2324 என்பது 2024 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். தள்ளுபடி விலையில் கிடைக்கும் 'புதிய' டயர் கிடங்கில் மூன்று ஆண்டுகள் கிடந்ததா என்பதை இவ்வெண்ணே காட்டிக்கொடுக்கும். இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரை 2009 ஆம் ஆண்டின் தரக்கட்டுப்பாட்டு ஆணையின்படி கட்டாயமானது.

== பழைய டயர்களும் ரீட்ரெடிங்கும் ==

ரீட்ரெடிங் தன்னளவில் தாழ்ந்த முறை அன்று. விமானங்களின் டயர்களே பலமுறை ரீட்ரெடிங் செய்யப்பட்டுப் பயன்படுகின்றன. தமிழ்நாட்டின் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தம் பேருந்துகளுக்காகச் சொந்தமாக ரீட்ரெடிங் நிலையங்களை நடத்துகின்றன. பேருந்து, சரக்குந்து டயர்களின் உடற்கூடு பல சுற்றுகள் தாங்குமாறு வலுவாகச் செய்யப்படுவது. மகிழுந்து டயரின் உடற்கூடு அத்தகையதன்று. செலவும் கட்டுபடியாகாததால் இப்போது மகிழுந்துகளுக்கு இம்முறை அரிதாகவே செய்யப்படுகிறது.

இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாதது, மொட்டை டயரில் சூடேற்றிய கத்தியால் மீண்டும் காடி வெட்டி விற்கும் வழக்கம். இங்கு புதிய ரப்பர் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. எஃகுப் பட்டைகளை மூடியிருந்த எஞ்சிய மெல்லிய படலமும் வெட்டப்படுகிறது. நீர் உட்புகுந்து எஃகு துருப்பிடித்தால், நெடுஞ்சாலை வேகத்தில் தடப்பரப்பு முழுதாக உரிந்துவிடும். காடியின் அடியில் உள்ள தேய்மானக் குறிமேடுகள் வெட்டுப்பட்டு இருப்பதைக் கொண்டும், காடிகளின் ஆழம் இடத்துக்கு இடம் வேறுபடுவதைக் கொண்டும் இதனைக் கண்டறியலாம். பழைய டயரை வாங்க நேர்ந்தால், விளிம்பில் பூட்டுவதற்கு முன்னர் உட்புறத்தைக் கையால் தடவிப்பார்த்து ஒட்டுப் போட்ட இடங்கள் பக்கச்சுவரில் உள்ளனவா என்று காணவேண்டும். பக்கச்சுவரில் ஒட்டுப் போட்ட டயரை ஸ்டெப்னியாகவும் வைத்துக்கொள்ளல் ஆகாது.