மலையோட்டமும் லைன் கிளியரும்

களமசேரியிலிருந்து மூணாற்றுக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். விடுமுறை வந்ததும் நம் சங்கத்து இளைஞர் சிலர் ஓட்டக் காலணியோடு அம்மலைகளுக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். கால் இடறி விழுவார்களோ என்றே பெற்றோர் அஞ்சுகின்றனர். அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு.

சீனாவின் கான்சு மாநிலத்தில், 2021 மே 22 அன்று 100 கிலோமீட்டர் மலையோட்டம் ஒன்று நடந்தது. ஓடியவர் 172 பேர். மாண்டவர் 21 பேர். புகழ்பெற்ற ஓட்ட வீரர் லியாங் ஜிங்கும் அவர்களுள் ஒருவர். அவர்களைக் கொன்றது குளிர். நண்பகல் வேளையில் கடுங்காற்றும் ஆலங்கட்டி மழையும் சூழ்ந்தன. பலர் மேனியில் இருந்ததோ மெல்லிய உடையே. ஓடும் வரையில் உடல் வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளும். நனைந்த உடையோடு நின்றுவிட்டால் காற்று அதனைப் பறித்துவிடும். முதலில் நடுக்கம், பின்னர் நாக்குழறல், தள்ளாட்டம். அப்பொழுது தன் நிலை தனக்கே விளங்காது. ஆடு மேய்க்கும் ஒருவர், தாம் ஒதுங்கியிருந்த குகைக்குள் அறுவரைச் சேர்த்துத் தீ மூட்டிக் காத்தார். அன்றைய பரிசு அவருக்கே உரியது என்போம்.

நம் மலைகளில் அஞ்ச வேண்டியது தீ. 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி, 20க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீ சரிவில் மேல்நோக்கி விரைந்து ஏறும். மேலேயுள்ள உலர்ந்த புல்லை அதன் அனல் முன்னரே காய்ச்சி வைத்துவிடுகிறது. எத்துணை வேகமாய் ஓடுபவரும் மேட்டில் அதனை முந்துவது அரிது. ஆதலால், கோடையில் வனத்துறையினர் பாதையை மூடினால், முணுமுணுக்காமல் திரும்புவதே தகும்.

இரயில்வே எழுத்தராகிய நமக்கு இவ்விடத்தில் 'லைன் கிளியர்' நினைவுக்கு வருகிறது. முன்னுள்ள நிலையம் இசைவு தராமல் வண்டி புறப்படாது. உரிய வேளையில் வந்து சேராவிடில் விசாரணை தொடங்கிவிடும். மலைக்குச் செல்பவரும் வனத்துறை அனுமதி பெற்று, எப்பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம், வாராவிடில் யாரை அழைப்பது என வீட்டில் எழுதிக் கொடுத்துச் செல்லட்டும். மலை மடிப்புகளில் கைப்பேசி பல இடங்களில் பேசாது. பையில் மழையுடையும், நீரும், ஒரு விசிலும் இருக்கட்டும். நிமிடத்திற்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது உதவி கோரும் குறி. கேட்டவர் மூன்று முறை ஊதி மறுமொழி தருவர்.