ஒரு டாலருக்கு விற்ற நிலம்!

அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சிக்கு அருகே "லவ் கால்வாய்" என்று ஓர் இடம். காதலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கால்வாயை வெட்டத் தொடங்கியவர் பெயர் லவ்! பணமில்லாமல் வேலை பாதியில் நின்றுவிட்டது.

1942 முதல் ஹூக்கர் என்ற ரசாயனக் கம்பெனி அந்தப் பள்ளத்தில் சுமார் 20 ஆயிரம் டன் கழிவைக் கொட்டியது. 1953-ல் மண்ணைப் போட்டு மூடி, பள்ளி நிர்வாகத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றது! உள்ளே ரசாயனம் புதைந்திருப்பதாகப் பத்திரத்திலேயே எழுதியிருந்தது. ஆனாலும் பள்ளிக்கூடம் எழும்பியது. சுற்றிலும் வீடுகள் வந்தன.

மண்ணைப் போட்டு மூடினால் விஷம் போய்விடுமா? மழைத் தண்ணீர் ஏறியபோது, வீட்டு நிலவறைகளில் நாற்றமடிக்கும் குழம்பு கசிந்தது. பல பெண்களுக்குக் கரு கலைந்தது. சில குழந்தைகள் ஊனமாகப் பிறந்தன.

1978 ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். கால்வாயை ஒட்டி இருந்த 239 குடும்பங்களை வெளியேற்றினார்கள். "மற்றவர்களுக்குப் பயமில்லை" என்று சொல்லிவிட்டார்கள்.

லோயிஸ் கிப்ஸ் என்ற தாய் அதை நம்பவில்லை. அந்தப் பள்ளியில் படித்த அவர் மகனுக்கு வலிப்பு வந்திருந்தது. அந்த அம்மாளும் மற்றப் பெண்களும் வீடு வீடாக விசாரித்தார்கள். நோய் கண்ட வீடுகளை ஊர்ப் படத்தில் குறித்தார்கள். பெண் விஞ்ஞானி ஒருவரும் உதவினார். என்ன ஆச்சரியம்! பழைய ஓடைகளைத் தூர்த்துக் கட்டிய வீடுகளில்தான் நோய் அதிகம்!

வீட்டுப் பெண்கள் போட்ட கணக்குத்தானே என்று அதிகாரிகள் ஒதுக்கினார்கள். பெண்கள் விடவில்லை. 1980-ல் மற்றக் குடும்பங்களும் வெளியேற அரசாங்கம் பணம் கொடுத்தது. அந்த டிசம்பரிலேயே, நஞ்சேறிய நிலங்களைச் சுத்தம் செய்யத் தனிச் சட்டமும் வந்தது.

கழிவு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. மேலே களிமண் மூடி. சுற்றிலும் வேலி.