முகவரியை இரவல் கொடுப்பவர்கள்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் லெபனான் என்றொரு சிறு நகரம். அங்குள்ள கில்டன் பொது நூலகம் 2015-இல் தன் கணினி ஒன்றை டோர் வலையமைப்புக்காக இயக்கத் தொடங்கியது. மத்திய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அதிகாரி ஒருவர் மூலம் செய்தி உள்ளூர் போலீசுக்கு எட்டியது. போலீசும் நகர நிர்வாகமும் நூலகத்தாரிடம் பேசின, கணினி நிறுத்தப்பட்டது. யாரும் எந்தக் குற்றமும் செய்திருக்கவில்லை. செப்டம்பரில் மக்கள் திரண்டுவந்து ஆதரித்துப் பேச, நூலக வாரியம் அதை மறுபடி ஓடவிட்டது.

டோர் என்பது இணையத்தில் அடையாளம் மறைத்து உலவ உதவும் வலையமைப்பு. இதன் கரு 1990-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் உருவானது. 2002-இல் திறந்த மென்பொருளாக வெளிவந்தது. இதற்கென்று ஒரு நிறுவனத்தின் சர்வர் கூடம் கிடையாது. உலகெங்கும் தன்னார்வலர்கள் நடத்தும், தகவலைக் கைமாற்றிவிடும் ரிலே எனப்படும் ஆயிரக்கணக்கான கணினிகள்தான் இதன் உடம்பு.

நாம் அனுப்பும் தகவல், ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று உறைகளில் இட்ட கடிதம் போலக் கிளம்புகிறது. முதல் ரிலே வெளி உறையை மட்டும் பிரிக்கும். அனுப்பியவர் யாரென்று அதற்குத் தெரியும், எங்கே போகிறதென்று தெரியாது. நடுவிலுள்ளதற்கு இரண்டுமே தெரியாது. எக்ஸிட் எனப்படும் கடைசி ரிலேதான் உரிய இணையதளத்தைத் தொடர்பு கொள்கிறது. அனுப்பியவர் யாரென்பதை அது அறியாது. இணையதளத்தின் பதிவேட்டில் ஏறுவதோ அந்த எக்ஸிட்டின் ஐ.பி. முகவரி. தன்னார்வலரின் தலைவலி இங்கேதான் பிறக்கிறது.

மென்பொருளை நிறுவுவது பெரிய வேலையே இல்லை. லினக்ஸ் சர்வர் ஒன்று, அமைப்புக் கோப்பில் சில வரிகள், அவ்வளவுதான். ஆனால் தரவுச் செலவைப் பலர் கணக்கிடுவதில்லை. ஒரு ரிலேவிடம் குறைந்தபட்சம் எதிர்பார்க்கப்படுவது நொடிக்கு 10 மெகாபிட். அந்த வேகத்தில் இடைவிடாமல் ஓடினால் மாதம் மூன்று டெராபைட்டுக்கு மேல் உள்ளே வரும், அதே அளவு வெளியே போகும். மலிவான வாடகைச் சர்வர்கள் பலவற்றின் மாத வரம்பு இதில் கரைந்துவிடும்.

அதோடு பொறுமையும் வேண்டும். புது ரிலேவை வலையமைப்பு உடனே நம்பிவிடாது. முதல் சில நாட்கள் அதன் வேகத்தை அளந்து பார்க்கும். முழுச் சுமை வந்துசேர இரண்டு மாதங்கள்கூட ஆகலாம். ஏதோ கோளாறு என்று நினைத்து அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் வலையமைப்பின் இந்தச் சந்தேக குணம் தேவையானதுதான். ஒரே ஆள் பல பெயர்களில் ரிலேக்களைக் குவித்து, இருமுனைகளையும் வேவு பார்க்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. அதனால் ஒருவர் நடத்தும் ரிலேக்கள் அனைத்தையும் ஒரே குடும்பமாக அறிவிக்கச் சொல்கிறார்கள்; அப்படி அறிவித்தவற்றில் இரண்டு ஒரே பாதையில் சேராது.

எக்ஸிட் நடத்துபவர்களின் பாடுதான் எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தெரிகிறது. யாரோ திருட்டுத்தனமாகப் படம் இறக்கினால் பதிப்புரிமை நோட்டீஸ் இவருக்கு வரும். யாரோ ஒரு தளத்தைத் தாக்கினால் புகார் இவருடைய ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் போகும். விளக்கம் கேட்கப் பொறுமையில்லாத நிறுவனம் சர்வரையே முடக்கிவிடும். ஆகவே அனுபவசாலிகள் முதலிலேயே நிறுவனத்திடம் சொல்லி அனுமதி பெறுகிறார்கள். எக்ஸிட்டின் முகவரியைத் திறந்தால் 'இது டோர் எக்ஸிட்' என்று விளக்கும் பக்கம் தெரியும்படி செய்கிறார்கள். எரிதங்களைத் தடுக்க, அஞ்சல் அனுப்பும் 25-ஆம் போர்ட் இயல்பாகவே மூடப்பட்டிருக்கிறது. வீட்டு இணைப்பில் எக்ஸிட் நடத்தவே கூடாது என்பது இவர்கள் ஒருமித்துச் சொல்வது.

காரணம் இருக்கிறது. மாஸ்கோவின் கணித ஆசிரியர் டிமித்ரி போகாட்டோவ் வீட்டிலிருந்து எக்ஸிட் நடத்தினார். கலவரத்தைத் தூண்டும் பதிவுகள் அவருடைய முகவரியிலிருந்து வந்ததாக 2017 ஏப்ரலில் கைதானார். சிறை, பிறகு வீட்டுக் காவல். அடுத்த ஆண்டுதான் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன.

எக்ஸிட் நடத்தாதவர்களும் தப்பவில்லை. 2024 அக்டோபரில் யாரோ சிலர் டோர் ரிலேக்களின் முகவரிகளைப் போலியாகப் போட்டு, ஊரிலுள்ள சர்வர்களின் கதவைத் தட்டும் பொட்டலங்களை அனுப்பினார்கள். பெற்ற இடங்களிலிருந்த தானியங்கிகள் புகார்களை அனுப்பித் தள்ளின. ரிலேக்கள் எதையுமே அனுப்பவில்லை. ஆனாலும் சில முடக்கப்பட்டன. நவம்பரில்தான் தாக்குதலின் மூலம் கண்டுபிடிக்கப்பட்டு நின்றது. ஒருவரைத் தாக்காமல், அவர்மீது புகார் வரவைத்தே வெளியேற்றும் உத்தி இது. வலையமைப்பின் பலவீனமான இடம் எதுவென்று நன்றாகத் தெரிந்தவர்களின் வேலை.

ரிலேக்களின் பட்டியல் எல்லோரும் பார்க்கக் கிடைப்பது. ஆகவே வீட்டில் நடு ரிலே மட்டும் ஓட்டினாலும், அந்த முகவரியைச் சில வங்கித் தளங்களும் அரசுத் தளங்களும் ஒட்டுமொத்தமாகத் தடுப்பதுண்டு. வீட்டிலுள்ளவர்கள் கட்டணம் கட்ட முடியாமல் திண்டாடுவார்கள். பல வீடுகளுக்குத் தனி ஐ.பி. முகவரியே கிடைப்பதில்லை. நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியைப் பங்கிடுகிறார்கள், அங்கே ரிலேவை வெளியிலிருந்து எட்ட முடியாது.

அத்தகையவர்களுக்கு ஸ்னோஃபிளேக் இருக்கிறது. பிரவுசரில் சேர்க்கும் சிறு நீட்சி. டோர் தடை செய்யப்பட்ட நாட்டிலிருப்பவர் உள்ளே நுழைய நம் இணைப்பு தற்காலிகப் பாலமாகிறது. இணையதளங்களை அது நேரடியாகத் தொடுவதில்லை, ஆகவே அங்கே நம் முகவரி பதிவாவதில்லை. 2022-இல் ஈரானில் போராட்டங்கள் வெடித்து இணையம் நெரிக்கப்பட்டபோது, ஏராளமானோர் இந்தப் பாலங்கள் வழியாகவே டோருக்குள் வந்தார்கள்.