தங்கம் போன பிறகும் நிற்கும் ஊர்

சென்னையிலிருந்து பெங்களூருக்கு நீங்கள் எத்தனையோ தடவை ரெயிலில் போயிருப்பீர்கள். ஜோலார்பேட்டை தாண்டி, குப்பம் தாண்டி, பங்காருப்பேட்டை என்று ஒரு ஸ்டேஷன் வரும். இறங்கிக் காப்பி வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் வண்டி புறப்பட்டுவிடும்.

அடுத்த தடவை அங்கேயே இறங்கிவிடுங்கள். பக்கத்தில் ஒரு கிளைப் பாதை பிரிகிறது. 1894ல் போட்ட பாதை. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என்று பத்து மைல் தூரம் போய், அப்புறம் போக இடமில்லாமல் நின்றுவிடுகிறது. இவற்றில் சில ஊர்ப் பெயர்கள். சில தங்கச் சுரங்கங்களின் பெயர்கள். எது எது என்று பிரித்துச் சொல்வது சிரமம். ஏனென்றால் இங்கே ஊரும் சுரங்கமும் வெகுகாலம் ஒன்றாகவே இருந்தன.

ஆம், இதுதான் கோலார் தங்கவயல். 2018ல் வந்த சினிமாவினால் 'கே.ஜி.எஃப்' என்ற மூன்றெழுத்து குழந்தைகளுக்குக்கூட மனப்பாடம். ஆனால் சினிமாவில் வந்த ஊர் வேறு, நான் சொல்லப்போகும் ஊர் வேறு. இங்கே துப்பாக்கிச் சண்டை கிடையாது. ஒரே ஒரு கேள்விதான் உண்டு. இந்த ஊர் யாருடையது?

இதென்ன கேள்வி என்கிறீர்களா? உங்கள் தெருவில் குழாய் வறண்டால் நகரசபை அங்கத்தினர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறீர்கள். அவர் கவனிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் நீங்கள் அவரைக் கவனித்துக்கொள்கிறீர்கள். தங்கவயலில் வெகுகாலம் அப்படித் தட்டுவதற்குக் கதவே கிடையாது. குழாயும் கம்பெனியுடையது, குடியிருக்கும் வீடும் கம்பெனியுடையது, வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியும் கம்பெனியுடையது!

கம்பெனி வந்த கதை

இந்த மண்ணில் தங்கம் இருப்பது வெள்ளைக்காரர் கண்டுபிடித்த ரகசியமல்ல. 1802ல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி எல்லை அளக்க வந்தபோது, கிராமத்து ஜனங்கள் மண்ணை அலசிப் பொன் துகள் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். 1870களில் லாவெல் என்ற ஓய்வு பெற்ற சிப்பாய் மைசூர் சர்க்காரிடம் உரிமை வாங்கித் தோண்டினார். அவர் கையில் பணம்தான் கரைந்தது. 1880ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி பொறுப்பை ஏற்ற பிறகுதான், சில வருஷங்களில், உண்மையான தங்கப் படிவம் அகப்பட்டது.

அகப்பட்டதுதான் தாமதம், ஒரு நகரமே முளைத்தது. நிலம் மைசூர் மகாராஜாவுடையது. குத்தகை லண்டன் கம்பெனிகளுடையது. மேற்பார்வைக்குப் பிரிட்டிஷ் ரெசிடெண்ட். உழைக்க வந்தவர்களோ பெரும்பாலும் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்து ஏழை ஜனங்கள். அவர்களில் மிகப் பலர் ஊரில் தீண்டாமைக் கொடுமையை அனுபவித்தவர்கள். பண்ணையாரிடம் அடிமைப்பட்டுக் கிடப்பதைவிடப் பாதாளத்தில் இறங்குவது மேல் என்று நினைத்து வந்தார்கள். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதாயிரம் பேருக்குமேல் இங்கே வேலை பார்த்தார்கள்.

1902ல் ஓர் அதிசயம் நடந்தது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய திட்டம், அவர் காலமான மறு வருஷம் பலித்தது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் சுமார் 92 மைல் கம்பி வழியாகத் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது. அப்போது பெங்களூரில் எண்ணெய் விளக்குதான்! அங்கே தெருவிளக்குக்கு மின்சாரம் வந்தது 1905ல். பக்கத்துப் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குடிநீரும் வந்தது. அது பாலாற்று ஏரி. அதே பாலாறுதான் பிறகு நம் வேலூர்ப் பக்கம் வருகிறது.

போர்டும் பேட்டையும்

சரி, ஊரை ஆண்டது யார்? கம்பெனிகளின் பிரதிநிதிகளும் சர்க்கார் அதிகாரிகளும் சேர்ந்த 'சானிட்டரி போர்டு' ஒன்று இருந்தது. தெருவைப் பெருக்குவது, சாக்கடையைக் கவனிப்பது, கொள்ளை நோய் வராமல் பார்ப்பது அதன் வேலை. கடைகாரர்களும் மற்றவர்களும் குடியிருக்கச் சுரங்க எல்லைக்கு வெளியே நேர் நேரான தெருக்களோடு ஒரு பேட்டை எழுந்தது. ரெசிடெண்ட் ராபர்ட்சன் துரையின் பெயரால் அது ராபர்ட்சன்பேட்டை ஆயிற்று.

துரைமார்களுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். அதனால் 'சின்ன இங்கிலாந்து' என்று பெயர். தொழிலாளிக்கோ லைனில் ஒற்றை அறை. அதிலும் பல, மூங்கில் தட்டி வைத்துக் கட்டியவை. தங்கம் திருட்டுப் போகாமல் இருக்கக் காவலும் சோதனையும் உண்டு. கணக்குக் காட்டாமல் தங்க மண்ணைக் கையில் வைத்திருந்தாலே குற்றம் என்று மைசூர் சமஸ்தானத்தில் தனிச் சட்டம் இருந்தது. இந்த ஏற்பாட்டின் மிச்சம் நெடுங்காலம் நீடித்தது. கோலார் ஜில்லா ஒன்று. ஆனால் தங்கவயலுக்கு மட்டும் தனிப் போலீஸ் சூப்பரிண்டெண்ட்!

ஓட்டு இல்லாதவர்களின் குரல்

கேட்க நாதியில்லாத இடத்தில் ஜனங்கள் சும்மா இருந்துவிட்டார்களா? இல்லை. அதுதான் தங்கவயலின் பெருமை.

அயோத்திதாச பண்டிதர் தூண்டிய பௌத்த சங்கம் 1900களில் மாரிகுப்பத்தில் வேர் பிடித்தது. பகலெல்லாம் பாறையை உடைத்தவர்கள் மாலையில் கூடிப் பத்திரிகை படித்தார்கள்; பள்ளிக்கூடம் நடத்தினார்கள். சாம்பியன் ரீஃபில் சித்தார்த்த புத்தகசாலை என்ற பெயரில் தமிழ்ப் புத்தகங்களே அச்சாயின. கம்பெனி கொடுக்காத மரியாதையைத் தாங்களே தேடிக்கொண்டார்கள்.

1930ல் ஒவ்வொரு தொழிலாளியும் கைரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவிட்டது. நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று கேட்டு ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டார்கள். சுமார் மூன்று வாரம் சுரங்கம் ஓய்ந்தது. 1946 நவம்பர் 4ஆம் தேதி போலீஸ் துப்பாக்கி வெடித்தது. ஆறு தொழிலாளர் மாண்டார்கள். ஆண்டர்சன்பேட்டையில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

சுதந்திரம் வந்தது, ஓட்டும் வந்தது. ராபர்ட்சன்பேட்டை நகரசபை ஜனங்களின் சபையாயிற்று. அம்பேத்கரின் வழி வந்த ரிபப்ளிகன் கட்சிக்காரரையும், தமிழ்நாட்டுக் கட்சிக்காரரையும்கூட இந்த ஊர் கர்நாடகச் சட்டசபைக்கு அனுப்பியிருக்கிறது. எந்தப் பாஷையில் பிரசாரம் நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

எஜமானர்கள் மாறினார்கள்

சுரங்கம் 1956ல் மைசூர் சர்க்கார் கைக்கு வந்தது. 1962ல் மத்திய சர்க்காருக்குப் போயிற்று. 1972ல் 'பாரத் கோல்டு மைன்ஸ்' என்ற பெயர் பெற்றது. பெயர்ப் பலகைகள் மாறின. ஆனால் லைன் வீட்டின் தரை மட்டும் எப்போதும் போலச் சுரங்கத்துக்கே சொந்தம். ஓட்டுப் போடும் உரிமை ஒரு கையில், வீட்டுச் சாவி இன்னொருவர் கையில்!

இதற்குள் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் கீழே போய்விட்டது. அடியில் பாறையே சுடும். அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறிப் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். கல் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் கண்டவர்களும் பலர். அவ்வளவு பாடுபட்டும் டன்னுக்குச் சில கிராம் தங்கம்தான் தேறிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. 120 வருஷத்தில் எண்ணூறு டன் தங்கம் கொடுத்த பூமி அது.

மற்ற ஊரில் ஒரு ஆலை மூடினால் வேலை போகும். இங்கே வேலையோடு வீட்டுக்கும் விளக்குக்கும் தண்ணீருக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆபத்து வந்தது. ஒரே மரத்தில் எல்லாக் கொடியையும் படரவிட்டால், மரம் சாயும்போது என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. ஊர் நடுவே சயனைடில் அலசிக் கொட்டிய மண் மலை மலையாக நிற்கிறது. காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வருகிறது. அந்த மண்ணிலும் இன்னும் கொஞ்சம் தங்கம் இருக்கிறதாம்! அதை எடுக்கும் மத்திய சர்க்காரின் யோசனைக்குக் கர்நாடக மந்திரிசபை 2024ல் இணங்கியது.

விடியற்காலை ரெயில்

ஆகையால் ஊர் பாழாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 2011ஆம் வருஷத்துக் கணக்கின்படி ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இங்கே வசித்தார்கள். பொழுது விடியுமுன் மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள். சாப்பாட்டுத் தூக்கோடு கூட்டம் கூட்டமாக ஜனங்கள் பெங்களூர் வண்டி ஏறுகிறார்கள். தாத்தா கிழக்கே இருந்து வந்த அதே பாதையில் பேரன் மேற்கே வேலைக்குப் போகிறான். இரவில் திரும்பி வந்துவிடுகிறான். ஏன் திரும்ப வேண்டும்? பெங்களூரிலேயே இருந்துவிடலாமே?

அங்கேதான் நம் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கம்பெனி கொண்டு வந்தவை கம்பெனியோடு போயின. ஜனங்கள் தாங்களே உண்டாக்கிய கோயிலும், மாதா கோயிலும், பௌத்த சங்கமும், படிப்பகமும், ஒருவர் வீட்டுச் சாவுக்குத் தெருவே கூடும் வழக்கமும் போகவில்லை. குத்தகைப் பத்திரத்தில் யார் பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும். வண்டி எங்கே போனாலும் இரவில் எந்த ஊருக்குத் திரும்பி வந்து படுக்கிறார்களோ, அந்த ஊர் அவர்களுடையதுதான்.

அடுத்த தடவை பங்காருப்பேட்டையில் வண்டி நிற்கும்போது காப்பியை மறந்துவிடுங்கள். ஜன்னல் வழியே அந்தக் கிளைப் பாதையை ஒரு நிமிஷம் பாருங்கள். உங்கள் கழுத்திலும் காதிலும் மின்னும் பாட்டி காலத்துத் தங்கத்தில் ஒரு குந்துமணி, ஒருவேளை அந்த வழியாக வந்ததாகவும் இருக்கலாம்.