வரிசையில் நிற்காத படிகங்கள்

கொல்கத்தா லேக் மார்க்கெட் பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு மார்ச் மாதம் கணக்குப் பரீட்சை. வயிற்றைப் பிசைய பள்ளி மைதானத்தில் நின்றவள், சூரியனைச் சுற்றிப் பெரிய வளையம் ஒன்றைப் பார்த்தாளாம். வினாத்தாள் எளிதாகிவிடவில்லை, படபடப்பு மட்டும் அடங்கிவிட்டது. ‘இது அபூர்வமா? நல்ல சகுனமா? வானத்தைப் பார்த்தால் மனம் அமைதியாகும் என்று வாட்ஸ்அப்பில் வருவது உண்மையா?’

அபூர்வமில்லை. 2021 மே 24 அன்று பெங்களூரில் இதே வளையம் தெரிந்தபோது தொலைக்காட்சிகள் அந்தச் சொல்லைத் தேய்த்தே விட்டன. உண்மையில் வானவில்லைவிட இது அடிக்கடி வரும். உச்சிவெயிலில் அண்ணாந்து பார்க்கத்தான் ஆளில்லை.

தரையில் வெயில் கொளுத்தினாலும், உயரத்தில் மெல்லியதாகப் பரவும் சிர்ரோஸ்ட்ராட்டஸ் மேகம் முழுக்கப் பனிப்படிகம்தான். ஒவ்வொன்றும் அறுகோணம். ஒரு பக்கத்தில் நுழையும் ஒளி, நடுவில் ஒரு பக்கத்தை விட்டு அடுத்ததில் வெளியேறினால், அது 60 டிகிரி முப்பட்டகத்தைக் கடந்ததாகக் கணக்கு. பனிக்கட்டியின் ஒளிவிலகல் எண் 1.31. ஆகவே கதிர் குறைந்தது சுமார் 22 டிகிரி திசைமாற வேண்டும். அதிகம் போனால் 43. அப்படியானால் வெளிச்சம் 22 முதல் 43 வரை சீராகப் பரவிக் கிடக்க வேண்டியதுதானே? ஓரத்தில் மட்டும் ஏன் இப்படி ஒரு பளிச்?

எனக்குப் பிடித்த இடம் இதுதான். படிகம் திரும்பத் திரும்ப, கதிரின் திசைமாற்றம் குறைந்துகொண்டே வந்து, 22-க்கு அருகே தயங்கி, மறுபடி கூடுகிறது. ஒளி படும் கோணம் 31-லிருந்து 51 வரை, முழுதாக 20 டிகிரி மாறினாலும் திசைமாற்றம் ஒரு டிகிரிகூட மாறுவதில்லை. கொல்கத்தா டிராமை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி நிறுத்தம் நெருங்க நெருங்க வேகம் குறைகிறது, நிற்கிறது, ஓட்டுநர் டீ குடிக்கிறார், பிறகு மெல்லக் கிளம்புகிறது. எந்நேரம் தேடினாலும் வண்டிகள் கூடிக் கிடப்பது அங்கேதான். அதற்கு அப்பால் தண்டவாளம் கிடையாது. அதனால்தான் வளையத்தின் உட்பக்க வானம் சற்று இருண்டு தெரிகிறது. சிவப்பு வண்டிக்குக் கடைசி நிறுத்தம் சூரியனுக்குக் கொஞ்சம் பக்கத்தில், நீல வண்டிக்கு முக்கால் டிகிரி தள்ளி. ஆகவே உள்விளிம்பு சிவப்பு. நடத்துநரை எங்கே உட்காரவைப்பது என்று தெரியவில்லை. டிராம்களையே குறைத்துக்கொண்டு வருகிறார்கள், உவமையும் இங்கே நிற்கட்டும்.

முழு வட்டத்துக்கு இன்னொரு நிபந்தனை உண்டு: படிகங்கள் கண்டபடி சாய்ந்து கிடக்க வேண்டும். தட்டைப் படிகங்கள் எல்லாம் ஒழுங்காகக் கிடைமட்டமாய் மிதந்தால், சூரியனின் இருபுறமும் இரண்டு ஒளித்திட்டுகள்தான் மிஞ்சும். வரிசையில் நிற்காத கூட்டம்தான் குறையில்லாத வட்டம் போடுகிறது. உடற்பயிற்சி ஆசிரியரிடம் சொல்ல வேண்டாம்.

வரலாறு கேட்பவர்களுக்கு: இந்தப் பட்டக விளக்கத்தை 17-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் எட்ம் மரியோட் சொல்லிவிட்டார். கொல்கத்தா என்றதும் சி.வி. ராமனை இழுப்பார்கள். ஒளிச்சிதறல் பற்றிய அவருடைய நூலைக் கல்கத்தா பல்கலைக்கழகம் 1922-இல் வெளியிட்டது உண்மை. ஆனால் அது மூலக்கூறுகளின் கதை. வளையத்துக்கு அந்தப் பெருமை சேராது.

சகுனம்? நிலாவைப் பார்த்து ‘அகல் வட்டம் பகல் மழை’ என்பார்கள் நம் ஊரில். பாதி மதிப்பெண் தரலாம். மார்ச் முதல் மே வரை சோட்டா நாக்பூர் பீடபூமியில் எழும் இடிமேகங்கள்தான் வங்காளத்துக்குக் கால்பைசாகி என்ற கோடை இடிமழையைக் கொண்டுவருகின்றன. அவற்றின் உச்சி விரிந்து மேல்காற்றில் கிழக்கே பரவும் பனிப்படலமும் வளையம் போடலாம். மேகம் வந்துசேருமா, வழியிலேயே ஓயுமா என்பதை அது சொல்லாது. கணக்குத் தாளைப் பற்றியும்தான்.

மனஅமைதி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. கெல்ட்னர், ஹைட் என்ற உளவியலாளர்கள் 2003-இல் எழுதிய கட்டுரையில், நம்மைவிடப் பிரம்மாண்டமான ஒன்று நம் பழைய புரிதலுக்குள் அடங்காமல் திமிறும்போது பிறப்பதே பிரமிப்பு என்றார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ‘தினம் பத்து நிமிடம் வானம் பாருங்கள், பதற்றம் பறந்துவிடும்’ என்று செயலி விற்பது வேறு வியாபாரம். அந்தப் பெண்ணுக்கு நடந்தது எளிமையானது என்றே தோன்றுகிறது: கவனம் சிறிது நேரம் தன்னைவிட்டு வெளியே போய்வந்தது. அவள் கண்ணுக்கு ஒளி அனுப்பிய படிகங்கள் வேறு, பக்கத்தில் நின்ற தோழிக்கு அனுப்பியவை வேறு. ஆளுக்கொரு வளையம், தரவரிசை கிடையாது.

அடுத்த முறை சூரியனை நேராகப் பார்க்காமல், ஒரு கட்டட மூலையால் மறைத்துக்கொள்ளுங்கள். கையை முழுக்க நீட்டி விரல்களை விரித்தால், கட்டைவிரல் நுனி சூரியன் மேல் இருக்கும்போது சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய வளையத்தைத் தொட வேண்டும். தொட்டால், 22 டிகிரியை ஒரு சூத்திரமும் இல்லாமல் நீங்களே அளந்துவிட்டீர்கள்.