ஃபிர்தவ்ஸ் சதுக்கத்தின் இரு நாட்கள்

2003 ஏப்ரல் 9 அன்று பக்தாதின் ஃபிர்தவ்ஸ் சதுக்கத்தில் சதாம் உசேனின் சிலை வீழ்த்தப்பட்ட காட்சியைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. சிலைப் பீடத்தைச் சம்மட்டியால் அடித்தோர் ஈராக்கியர். இறுதியில் இழுத்துச் சாய்த்ததோ அமெரிக்க மரைன் படையின் மீட்பு ஊர்தி. அண்மைக் காட்சிகளில் சதுக்கம் மக்களால் நிரம்பியதாகத் தோன்றிற்று. தொலைவிலிருந்து எடுத்த படங்களில் அதன் பெரும்பகுதி வெறுமையாகக் கிடந்தது. இரண்டும் உண்மைப் படங்களே. எதைத் திரைக்குத் தேர்ந்தனர் என்பதில்தான் அரசியல் இருந்தது.

அச்சதுக்கத்தை நோக்கி நிற்கிறது பாலஸ்தீன் ஹோட்டல். அயல்நாட்டுச் செய்தியாளர்கள் தங்கியிருந்த இடம் அது. படக்கருவிகள் அங்கே ஆயத்தமாக இருந்ததற்கும் அதுவே காரணம். முந்தைய நாள் அதே விடுதியை அமெரிக்க டாங்கியின் குண்டு தாக்கியது. ராய்ட்டர்ஸின் தாராஸ் புரோட்சியுக், ஸ்பெயினின் ஹோசே கோசோ என்னும் ஒளிப்பதிவாளர் இருவர் மாண்டனர். அன்று காலை அல்ஜஸீரா அலுவலகத்தின் மீது நிகழ்ந்த அமெரிக்க விமானத் தாக்குதலில் தாரிக் அய்யூப் உயிரிழந்தார். அலுவலகம் அமைந்த இடத்தை அந்நிறுவனம் முன்னரே அமெரிக்காவுக்குத் தெரிவித்திருந்தது.

படைப்பிரிவுகளோடு இணைந்து சென்ற செய்தியாளர்கள் பல நூற்றுவர். தம்மைக் காக்கும் வீரனின் தோளுக்குப் பின்னிருந்தே அவர்கள் போரைக் கண்டனர். மேற்சொன்ன மூவரோ குண்டு விழும் பக்கத்தில் நின்றவர்கள். மறுநாளே சிலை திரையை நிறைத்துக்கொள்ள, அவர்களைப் பற்றிய கேள்விகள் பின்தள்ளப்பட்டன என்றே நாம் கருதுகிறோம். விடுதித் தாக்குதலில் தன் வீரர்கள் மீது தவறில்லை என்று அமெரிக்க இராணுவம் அவ்வாண்டு ஆகஸ்டில் விசாரணையை முடித்தது. கோசோவின் குடும்பத்தார் ஸ்பெயின் நீதிமன்றத்தை நாடினர்; 2005இல் அங்கு மூன்று அமெரிக்கப் படையினருக்கு எதிராகப் பிடியாணை பிறந்தது.