பனிநாட்டு நாயும் நம் வெயிலும்

சைபீரியாவின் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த இனமே ஹஸ்கி நாய். 1925-இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, இவ்வினத்தவை உட்பட ஏறத்தாழ 150 நாய்கள் முறைமாற்றி ஓடி, 1,085 கிலோமீட்டர் கடந்து மருந்தைக் கொணர்ந்தன.

பனியைத் தாங்க அமைந்த அதன் ஈரடுக்கு மயிர், மரக்காணம் பகுதியில் உப்பை விளைவிக்கும் வெயிலுக்கு ஏற்றதன்று. 2024-இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையும் இதனை விலக்கத்தக்க இனங்களுள் சேர்த்தது.

ஏற்கெனவே வளர்ப்போர் விடியுமுன் ஓடவிடுக. பகலில் நிழலும் குளிர்ந்த நீரும் தருக. மயிரை மழிக்காது வாரிவிடுக. மூச்சிரைத்துத் தள்ளாடினால், உடலை நனைத்துக் கால்நடை மருத்துவரிடம் விரைக. புதிதாக வாங்குவோர்க்கு நம் மண்ணின் இராசபாளையமும் சிப்பிப்பாறையும் உண்டு. அழகை விரும்பி ஓர் உயிரை வாட்டலாகாது.